அழித்த வைரஸ் மறுநாள் எப்படித் திரும்பி வருகிறது?

கோலாலம்பூரின் செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். கூடத்து மேசையில் இருப்பது ஒரே மடிக்கணினி. அதில் உட்காருபவர்கள் நான்கு பேர். மூன்றாம் படிவம் படிக்கும் மகளுக்குப் பள்ளி வேலை, அண்ணனுக்கு விளையாட்டு, அப்பாவுக்கு வங்கிக் கணக்கு, அம்மாவுக்கு விட்டுப்போன சீரியல். ஒரு நாள் திரையின் வலது மூலையில் 'உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்' என்று ஒரு பெட்டி குதிக்கிறது. ஆன்டிவைரஸை ஓடவிடுகிறார்கள். இரண்டைப் பிடித்து அழித்துவிட்டதாகப் பச்சை டிக் வருகிறது. மறுநாள் காலையில் திறந்தால் அதே பெட்டி, அதே இரண்டு வைரஸ், மறுபடியும் அதே பச்சை டிக்.

இந்த இடத்தில், 'இந்த ஆன்டிவைரஸ் சரியில்லை, வேறு ஒன்று போடலாம்' என்பார்கள். இல்லையென்றால், 'இது பெரிய வைரஸ், கடைக்குக் கொண்டுபோய் ஃபார்மட் போட வேண்டியதுதான்' என்பார்கள். இரண்டுமே அவசர முடிவு. ஆன்டிவைரஸ் பொய் சொல்லவில்லை. அது பார்த்த கோப்பை உண்மையிலேயே அழித்துவிட்டது. அந்தக் கோப்பைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிற ஏற்பாடு மட்டும் அப்படியே இருக்கிறது.

முதலில் சில சொற்கள்

தீங்கு செய்ய எழுதப்பட்ட நிரல் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் மால்வேர், தமிழில் தீநிரல். வைரஸ் என்பது அதில் ஒரு வகைதான். இன்னொரு கோப்புக்குள் நுழைந்து தன்னைத்தானே நகலெடுத்துக்கொள்வதைத்தான் கறாராகப் பார்த்தால் வைரஸ் என்று சொல்ல வேண்டும். இன்று வீட்டுக் கணினிகளில் அதிகம் அகப்படுபவை வேறு:

1. ஆட்வேர்: விளம்பரத்தைத் திணிக்கும், தேடல் பக்கத்தை மாற்றும்.
2. ட்ரோஜன்: விளையாட்டு, கிராக் (காசு கொடுக்காமல் ஓட்டுவதற்காகப் பூட்டை உடைத்த மென்பொருள்), இலவச மென்பொருள் என்ற வேடத்தில் உள்ளே வந்து, பிறகு மற்றவற்றுக்குக் கதவைத் திறந்துவிடும்.
3. தகவல் திருடி: பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும் குக்கிகளையும் சில நிமிடங்களில் அள்ளிக்கொண்டு போய்விடும்.
4. ரான்சம்வேர்: கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும்.

அழித்தாலும் திரும்பி வருகிற தீநிரல் என்றால், அதற்குள் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று வேலை செய்யும் பகுதி: விளம்பரம் காட்டுவது, திருடுவது. இன்னொன்று நிலைத்திருக்கும் பகுதி: கணினியை அணைத்துத் திறந்தாலும் வேலைக்காரனை மறுபடி எழுப்பிவிடுவது. தோட்டத்தில் வேலை செய்த குடும்பங்களுக்கு லாலாங் புல்லைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மேலே எவ்வளவு வெட்டினாலும் மண்ணுக்கடியில் ஓடும் தண்டிலிருந்து அது மறுபடி முளைக்கும். ஆன்டிவைரஸ் பெரும்பாலும் மேலே தெரிகிற புல்லைத்தான் வெட்டுகிறது.

அடிக்கடி ஏமாற்றும் ஒன்று: வைரஸே இல்லாத வைரஸ்

மூலையில் குதிக்கும் அந்தப் பெட்டியை முதலில் உற்றுப் பாருங்கள். சின்ன எழுத்தில் பிரவுசரின் பெயரும் ஏதோ ஒரு தளத்தின் முகவரியும் இருந்தால், அது பிரவுசர் வழியாக வரும் நோட்டிஃபிகேஷன். என்றோ ஒரு நாள் சீரியல் பார்க்கும் தளம் ஒன்றில் 'அனுமதி' என்ற பொத்தானை யாரோ அழுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கணினியில் எந்தக் கோப்பும் கெட்டுப்போகவில்லை. அதனால் எந்த ஆன்டிவைரஸை ஓட்டினாலும் அந்தப் பெட்டி நிற்காது. பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பட்டியலுக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினால் போதும். இதற்காகக் காசு கொடுத்து ஃபார்மட் போட்டவர்கள் உண்டு.

பெட்டியில் முகவரி எதுவும் இல்லை, அல்லது ஆன்டிவைரஸ் உண்மையிலேயே ஒரே பெயரைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது என்றால் மேலே படியுங்கள்.

அது எப்படி உள்ளே வந்தது

கிராக் செய்த விளையாட்டும், உரிமம் இல்லாத விண்டோஸை உரிமம் உள்ளதுபோல் காட்டும் ஆக்டிவேட்டரும் பழைய வழிகள், இன்னமும் செல்லுபடியாகின்றன. 2024இலிருந்து பரவலாகியிருக்கும் வழியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் அதில் பாதி வேலையை நாமே செய்து கொடுக்கிறோம்.

'நான் ரோபோ இல்லை' என்று ஒரு பெட்டி வரும். டிக் போட்டால் படம் எதையும் தேர்ந்தெடுக்கச் சொல்லாது. 'சரிபார்க்க மூன்று படிகள்' என்று காட்டும்: விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், கண்ட்ரோல் விசையையும் வி எழுத்தையும் அழுத்துங்கள், என்டர் தட்டுங்கள். நீங்கள் டிக் போட்ட அந்த நொடியிலேயே பக்கம் ஒரு கட்டளையைச் சத்தமில்லாமல் கிளிப்போர்டில் நகலெடுத்து வைத்துவிட்டது. முதல் படி விண்டோஸின் 'ரன்' பெட்டியைத் திறக்கிறது. இரண்டாவது அந்தக் கட்டளையை அதில் ஒட்டுகிறது. மூன்றாவது ஓடவிடுகிறது. பிரவுசர் வழியாக எந்தக் கோப்பும் இறங்காததால், 'இது ஆபத்தான கோப்பு' என்று எச்சரிக்க பிரவுசருக்கும் வாய்ப்பில்லை. கட்டளையைத் தட்டியது நீங்கள், விண்டோஸ் கீழ்ப்படிகிறது. எந்த உண்மையான தளமும் இப்படிக் கேட்காது.

லும்மா என்ற தகவல் திருடி இந்த வழியாகவும் பரவியது. 2025 மார்ச் 16 முதல் மே 16 வரையான இரண்டு மாதங்களில் மட்டும் உலகம் முழுவதும் 394,000க்கு மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் அதைக் கண்டதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. அதே மே மாதத்தில் நீதிமன்ற ஆணை பெற்று அதன் முகவரிகளை முடக்கினார்கள்.

திரும்ப எழுப்பிவிடும் இடங்கள்

1. தொடக்கப் பட்டியல். கணினி திறந்ததும் ஓட வேண்டியவற்றை விண்டோஸ் ஒரு பட்டியலாக வைத்திருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் என்ற பகுதியில் பார்க்கலாம். எல்லோருக்கும் தெரிந்த இடம் என்பதால் கெட்டிக்காரத் தீநிரல்கள் இதை மட்டும் நம்பி இருப்பதில்லை.

2. டாஸ்க் ஷெட்யூலர். பிடிவாதமான வைரஸ் என்று நாம் திட்டுகிற பலவற்றின் வேர் இங்கேதான். மென்பொருள்கள் தங்களைப் புதுப்பித்துக்கொள்ள, குறித்த நேரத்தில் குறித்த வேலையைச் செய்யச் சொல்லும் வசதி இது. திறந்து பார்த்தால் 'அப்டேட்' என்ற சொல்லை ஒட்டிய பெயர்கள் நிறைய இருக்கும், பெரும்பாலானவை நல்லவை. பெயரை நம்பாமல் ட்ரிகர்ஸ், ஆக்‌ஷன்ஸ் என்ற இரண்டு தாவல்களையும் பாருங்கள். ட்ரிகர்ஸில் 'யார் உள்நுழைந்தாலும், அதன்பின் ஒவ்வொரு மணி நேரமும், முடிவே இல்லாமல்' என்று இருக்கிறதா? ஆக்‌ஷன்ஸில் ஒரு மென்பொருளின் பெயருக்குப் பதிலாக பவர்ஷெல் (விண்டோஸுக்குக் கட்டளை எழுதிக் கொடுக்கும் கருவி) என்று தொடங்கி, சன்னலை மறைக்கச் சொல்லும் குறிப்பும், அதன் பின்னால் பொருளே புரியாத நீண்ட எழுத்துச் சரமும் இருக்கிறதா? அதுதான். ஆன்டிவைரஸ் காலையில் கோப்பை அழிக்கிறது. அடுத்த மணி அடித்ததும் இந்த வரி இணையத்திலிருந்து புதிய நகலை இறக்கி வைக்கிறது. இந்த வரி தன்னளவில் ஒரு கோப்பே இல்லை என்பதால், கோப்பு கோப்பாகத் தேடும்போது கண்ணில் படாமல் தப்பவும் கூடும்.

3. பிரவுசர். நீட்டிப்பு என்கிற எக்ஸ்டென்ஷன் வழியாக வருவது. இதில் ஒரு கூத்து உண்டு. விண்டோஸையே புதிதாகப் போட்டுவிட்டு பிரவுசரில் உங்கள் கணக்கால் நுழைந்தால், சின்க் வசதி பழைய நீட்டிப்புகளை எல்லாம் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து கொடுக்கும், கெட்டதையும் சேர்த்து. இன்னொரு அடையாளம்: வீட்டுக் கணினியில் பிரவுசர் மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று வருவது. வீட்டில் எது நிறுவனம்? சில ஆன்டிவைரஸ்களும் இப்படி வரவைக்கும் என்பதால் உடனே பதற வேண்டாம். ஆனால் நீக்க முடியாத நீட்டிப்பு ஒன்றும் கூடவே இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

4. பின்னணியில் ஓடும் சர்வீஸ்கள், விண்டோஸின் உள் நிர்வாக வசதியான டபிள்யூ.எம்.ஐ. போன்ற உள்ளறைகள். கையால் தேடிக் களைத்துப் போவீர்கள். இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது; கீழே வருகிறது.

5. விண்டோஸுக்கும் அடியில். 2010 பிப்ரவரியில் மைக்ரோசாப்ட் ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பை வெளியிட்டதும் ஏராளமான கணினிகள் நீலத்திரையில் விழுந்தன. எல்லோரும் புதுப்பிப்பைத் திட்டினார்கள். பிறகுதான் தெரிந்தது, விழுந்த கணினிகளில் அலூரியான் என்ற ரூட்கிட் ஏற்கெனவே குடியிருந்தது. புதுப்பிப்பு அடித்தளத்தை மாற்றியதும் அது கால் இடறிக் கணினியையும் சேர்த்துத் தள்ளிவிட்டது. ரூட்கிட் என்றால் விண்டோஸின் கண்ணையே கட்டிவிட்டு உள்ளே இருப்பது. இதற்கும் கீழே, மதர்போர்டு சிப்பிலேயே தங்கும் லோஜாக்ஸை 2018இல் ஈசெட் நிறுவனம் கண்டுபிடித்தது. வன்தட்டையே மாற்றினாலும் அது போகாது. ஆனால் அது அரசு அமைப்புகளைக் குறிவைத்த ஒற்றர் வேலை. செந்தூல் வீட்டு மடிக்கணினியைத் தேடி அந்த அளவுக்கு யாரும் செலவு செய்து வர மாட்டார்கள்.

காவலாளியே கண்ணை மூடிக்கொண்டால்

வீட்டில் விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் இருக்கிறது, முழு ஸ்கேன் ஓட்டியாயிற்று, 'அச்சுறுத்தல் எதுவும் இல்லை' என்கிறது, ஆனாலும் கணினி நடந்துகொள்வது சரியில்லை. அப்படியானால் விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்பு செட்டிங்ஸுக்குள் போய் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். 'இந்த இடத்தைச் சோதிக்காதே' என்று சொல்லி வைக்கும் பட்டியல் அது. சாதாரண வீட்டில் அது காலியாக இருக்க வேண்டும். பல ட்ரோஜன்கள் உள்ளே வந்ததும் செய்கிற முதல் வேலை, சி டிரைவ் முழுவதையும் அந்தப் பட்டியலில் சேர்ப்பது. அதற்கு அட்மின் அனுமதி வேண்டும். கிராக் நிறுவும்போது திரை இருண்டு 'அனுமதிக்கவா?' என்று கேட்டதே, அப்போது கொடுத்த அனுமதிதான் அது. 'நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும்' என்று கிராக்குடன் வரும் குறிப்பில் எழுதியிருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

வேரிலிருந்து எடுக்கும் வரிசை

வழக்கமாக நாம் முதலில் ஸ்கேன் ஓட்டுகிறோம். அதை நடுவில் செய்ய வேண்டும். எழுப்பிவிடுகிறவனை முதலில் கட்டிப்போட்டுவிட்டு, அப்புறம்தான் கோப்பை அழிக்க வேண்டும்.

1. டிஃபெண்டரை ஒருமுறை புதுப்பித்துவிட்டு வைஃபையை அணைத்துவிடுங்கள். புதிய நகலை இறக்க இணையம் வேண்டும். அது இல்லையென்றால் பாதி பலம் போய்விடும்.

2. எக்ஸ்க்ளூஷன் பட்டியலைக் காலி செய்யுங்கள்.

3. ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவியை இன்னொரு கணினியில் இறக்கிக் கொண்டுவாருங்கள். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் உருவாக்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ஒன்று. 2006இல் மைக்ரோசாப்ட் அந்த நிறுவனத்தை வாங்கிவிட்டதால் இப்போது அது மைக்ரோசாப்ட் தளத்திலேயே கிடைக்கிறது. தொடக்கப் பட்டியல், ஷெட்யூலர், சர்வீஸ், டபிள்யூ.எம்.ஐ. என்று மேலே சொன்ன இடங்களையெல்லாம் ஒரே சன்னலில் காட்டும். மைக்ரோசாப்ட்டின் சொந்த வரிகளை மறைக்கும் வசதி உண்டு. அதைப் போட்டால் பட்டியல் சுருங்கும். மிஞ்சியவற்றில் தயாரித்த நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் இல்லாதவை, ஆப்-டேட்டா, டெம்ப் போன்ற கோப்புறைகளிலிருந்து ஓடுபவை சந்தேகத்துக்குரியவை. அட்மின் அனுமதி இல்லாமலே எழுத முடிகிற இடங்கள் என்பதால் தீநிரல்களுக்கு அவை பிடிக்கும். நல்ல மென்பொருள் சிலவும் அங்கே இருப்பதுண்டு. எனவே அழிக்காமல், டிக்கை மட்டும் எடுத்துவிடுங்கள். தவறாக எடுத்துவிட்டால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். எடுத்த பிறகு அந்தப் பட்டியலை ஒரு கோப்பாகச் சேமித்து வையுங்கள். கடைசிப் படியில் தேவைப்படும்.

4. இப்போது டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். ஸ்கேன் ஆப்ஷன்ஸ் பட்டியலின் அடியில் இருக்கும், பலர் கவனிப்பதே இல்லை. கணினி மறுதொடக்கமாகி, வழக்கமான விண்டோஸ் எழும் முன்பே சுமார் 15 நிமிடம் சோதிக்கும். தீநிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது தன்னைக் காத்துக்கொள்ளும். அது எழுவதற்கு முன்பே பிடித்தால் ஒளிய இடமில்லை. வன்தட்டு பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கலாம். அது உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

5. பிரவுசர் நீட்டிப்புகளையும் நோட்டிஃபிகேஷன் அனுமதிகளையும் சுத்தம் செய்யுங்கள். சின்க் பட்டியலில் இருந்தும் நீட்டிப்புகள் போய்விட்டனவா என்று பாருங்கள்.

6. வைஃபையைத் திறந்து, ஒரு நாள் விட்டு, ஆட்டோரன்ஸில் பழைய பட்டியலோடு ஒப்பிடுங்கள். அதற்கான வசதி அதிலேயே இருக்கிறது. டிக் எடுத்த வரி மீண்டும் டிக்குடன் நின்றாலோ, அதே வேலைக்குப் புதுப் பெயரில் ஒரு வரி முளைத்திருந்தாலோ, நீங்கள் பார்க்காத இன்னொரு இடம் இருக்கிறது.

எப்போது கைவிட வேண்டும்

ஆறாவது படியில் தோற்றால் தேடிக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு மாலை நேரத்துக்கு மேல் இதில் செலவழிப்பது வீண் என்பது என் எண்ணம். அதிலும் அந்தக் கணினியில் வங்கி வேலை நடக்கிறது என்றால், 'போய்விட்ட மாதிரி தெரிகிறது' என்பது போதாது. விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

செட்டிங்ஸில் இருக்கும் ரீசெட் வசதியில் 'எல்லாவற்றையும் நீக்கு', 'கிளவுட் டவுன்லோட்' இரண்டையும் தேர்ந்தெடுத்தால் 4 ஜிபிக்கு மேல் இறங்கிப் புதிய விண்டோஸ் வரும். அதைவிட உறுதியானது, வேறொரு சுத்தமான கணினியில் 8 ஜிபி பென்டிரைவில் நிறுவல் கோப்பைத் தயாரித்து, நிறுவும்போது பழைய பார்ட்டிஷன்களை (வன்தட்டின் பிரிவுகளை) எல்லாம் அழித்துவிட்டுப் போடுவது. அதற்கு முன் படங்கள், ஆவணங்களை மட்டும் வெளியே எடுங்கள். நிறுவல் கோப்புகளை, கிராக்குகளை எடுக்காதீர்கள். பழைய நோய் அவற்றோடுதான் வரும்.

கடையில் கொடுப்பதாக இருந்தால் ஒன்று கேளுங்கள். முறையான விண்டோஸோடு வாங்கிய மடிக்கணினி என்றால் அதன் உரிமம் அந்த வன்பொருளோடு ஒட்டியே இருக்கிறது. அதே பதிப்பைப் புதிதாகப் போட்டு இணையத்தில் இணைத்தால் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். யாராவது ஆக்டிவேட்டர் போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கோலாலம்பூர் லோயாட் பிளாசாவில் மாடி மாடியாகக் கணினிக் கடைகள் இருக்கின்றன. ஒரு கடை ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த கடை.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்துவிட்டது. எப்படியும் புதிதாகப் போடப்போகிறீர்கள் என்றால், கணினி தாங்குமானால் 11ஐப் போடுங்கள்.

சுத்தம் செய்தாலும் திரும்பாதது

தகவல் திருடி வந்திருந்தால், கணினியைத் துடைப்பது பாதி வேலைதான். சேமித்த கடவுச்சொற்கள் வெளியே போய்விட்டன. அதோடு குக்கியும் போயிருக்கும். குக்கி என்பது 'இவர் ஏற்கெனவே உள்நுழைந்துவிட்டார்' என்று தளம் கொடுக்கும் அடையாளச் சீட்டு. அதை வைத்திருப்பவரிடம் கடவுச்சொல்லும் கேட்காது, கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணும் கேட்காது.

எனவே கைப்பேசியிலிருந்தோ சுத்தமான வேறு கணினியிலிருந்தோ, இந்த வரிசையில்: முதலில் மின்னஞ்சல், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்குகளின் சாவியும் அங்கேதான் வரும். பிறகு வங்கி, பிறகு மற்றவை. ஒவ்வொன்றிலும் கடவுச்சொல்லை மாற்றுவதோடு 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்துங்கள். அப்போதுதான் பழைய சீட்டு செல்லாமல் போகும். கணினியில் டெலிகிராம், வாட்ஸ்அப் திறந்து வைத்திருந்தால் கைப்பேசியில் இணைத்த சாதனங்களின் பட்டியலைத் திறந்து துண்டியுங்கள். நோய் பிடித்த கணினியில் உட்கார்ந்தே கடவுச்சொல்லை மாற்றினால், புதியதையும் நீங்களே கொடுத்ததாகிவிடும்.

பணம் போயிருந்தால் உடனே வங்கியை அல்லது 997ஐ அழையுங்கள். மலேசியாவில் 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் அது. பணம் கணக்கிலிருந்து கணக்குக்கு ஓடுவதற்குள் மறிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. இதில் மணி நேரமே பெரிது. கணக்கை நீங்களே உடனே முடக்கும் 'கில் சுவிட்ச்' வசதியையும் நம் வங்கிகள் வைத்திருக்கின்றன. அது எங்கே இருக்கிறது என்று இன்றே தேடி வைத்துக்கொள்ளலாம். பணம் போகவில்லை, ஆனால் கணினி விஷயத்தில் உதவி வேண்டும் என்றால் சைபர் செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 உதவி மையத்தில் புகார் செய்யலாம்.

கணினிக்கு வெளியே இருக்கும் வேர்

வீட்டில் எல்லாக் கருவிகளிலும் ஒரே விளம்பரம், ஒரே திசைதிருப்பல் என்றால் ரூட்டரைச் சந்தேகியுங்கள். தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ். 2024 செப்டம்பரில் மலேசியாவில் அதைத் திருப்பிவிடும் உத்தரவு பற்றி எழுந்த சர்ச்சையில் இந்தச் சொல்லைப் பலர் கேட்டிருப்பார்கள். ரூட்டருக்குள் நுழைந்தவர் அதை மாற்றிவிட்டால் வீட்டிலுள்ள எல்லோருக்கும் தவறான வழியைக் காட்டலாம். அணைத்துத் திறப்பது எப்போதும் போதாது. 2018இல் 54 நாடுகளில் 500,000 ரூட்டர்களைப் பிடித்த விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரலில் மேல்பகுதி மட்டும் மறுதொடக்கத்தில் போனது, விதை அங்கேயே இருந்தது. ஃபேக்டரி ரீசெட் செய்து, அட்மின் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும்.

கடைசியாக, இழுப்பறையில் கிடக்கும் பென்டிரைவ். ஒரு காலத்தில் செருகியதுமே உள்ளிருப்பதை விண்டோஸ் தானாக ஓட்டியது. 2008இல் வந்த கான்ஃபிக்கர் என்ற தீநிரல் அந்த வழியிலும் பரவியது. 2011 பிப்ரவரியில் பழைய விண்டோஸ்களிலும் அந்த வழியை மைக்ரோசாப்ட் அடைத்தது. அதிலிருந்து தீநிரலுக்கு உங்கள் கை தேவைப்படுகிறது. மகள் போட்டோஸ்டேட் கடையில் பள்ளி வேலையை அச்செடுத்துவிட்டு வருகிறாள். பென்டிரைவைத் திறந்தால் கோப்புகளைக் காணோம். பென்டிரைவின் பெயரிலேயே ஒரே ஒரு ஐகான் மட்டும் இருக்கிறது. அதைச் சொடுக்கினால் கோப்புகள் எல்லாம் தெரிகின்றன. அதனால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. நடந்தது என்னவென்றால், கோப்புகள் பெயரே இல்லாத ஒரு மறைவான கோப்புறைக்குள் தள்ளப்பட்டிருக்கின்றன. அந்த ஐகான் ஒரு குறுக்குவழி. கோப்புறையைத் திறப்பதோடு தீநிரலையும் ஓட்டிவிடுகிறது. மூன்று நாள் உட்கார்ந்து சுத்தம் செய்த கணினி இந்த ஒரு சொடுக்கில் பழைய நிலைக்குப் போய்விடும்.

கோப்புகள் அழியவில்லை. எக்ஸ்ப்ளோரரில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, பாதுகாக்கப்பட்ட கணினிக் கோப்புகளை மறைக்கும் டிக்கையும் எடுத்துவிட்டால் அந்தக் கோப்புறை மங்கலாகத் தெரியும். உள்ளே இருப்பதை வெளியே நகலெடுத்துவிட்டு பென்டிரைவை ஃபார்மட் செய்யலாம். குறுக்குவழி ஐகானின் இடது கீழ் மூலையில் சின்ன வளைந்த அம்புக்குறி இருக்கும். பென்டிரைவைத் திறந்ததும் அது தெரிந்தால் சுட்டியிலிருந்து கையை எடுத்துவிடுங்கள்.